‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ சிஸ்டர்’: செவிலியர் பாதுகாப்பு – வாசகர் கேள்வி பதில்

நோயாளியின் கை எல்லை மீறுவது, கேஷுவாலிட்டியில் கூட்டமாக வந்து மிரட்டுவது, டிஸ்சார்ஜ் ஆன பிறகும் நள்ளிரவில் வரும் வாட்ஸ்அப் செய்தி என்று இந்த முறை வந்த கடிதங்கள் ஏராளம். அவற்றில் சிலவற்றுக்கு, செவிலியர்களுக்குப் பணியிடப் பாதுகாப்புப் பயிற்சி தரும் எங்கள் குழு பதில் சொல்கிறது. எழுதியவர்களின் பெயரையும் மருத்துவமனைகளின் பெயரையும் தவிர்த்திருக்கிறோம்.

தனியார் மருத்துவமனையில் நைட் டியூட்டி பார்க்கிறேன். ஸ்ட்ரோக் வந்து இடது கை கால் விழுந்துபோன 50 வயது நோயாளி, ஸ்பாஞ்ச் பாத் கொடுக்கும்போதும் படுக்கையில் திருப்பும்போதும் வலது கையால் என் இடுப்பைத் தொடுகிறார். இன்சார்ஜிடம் சொன்னால், “உடம்பு முடியாதவர், அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா” என்கிறார். நான் பெரிதுபடுத்துகிறேனா? – செவிலியர், மதுரை

இல்லை. உங்கள் இன்சார்ஜ் சொன்னது தவறு. உடம்பு முடியாதவரைப் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. அவர் உங்களைத் தொடுவதைச் சகித்துக்கொள்வது அந்த வேலையில் சேராது.

தொட்ட அந்த நொடியில் சிரித்து மழுப்ப வேண்டாம், கத்தவும் வேண்டாம். சாதாரணக் குரலில், முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்: “ஐயா, கையை எடுங்க. இப்படித் தொடக் கூடாது. மறுபடி தொட்டா வேலையை நிறுத்திட்டு இன்னொருத்தரோடதான் வருவேன்.” மறுபடி தொட்டால் சொன்னதைச் செய்யுங்கள். ஆனால் ஊசி பாதியில் இருந்தால் எடுத்துவிட்டு, அவர் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் மல்லாந்து படுக்க வைத்து, கட்டிலின் பக்கக் கம்பியை உயர்த்திவிட்டுத்தான் விலக வேண்டும். கோபத்தில் அப்படியே விட்டு வந்து அவர் விழுந்துவிட்டால், பிறகு பேச்சு முழுக்க அதைப் பற்றியே இருக்கும்.

அடுத்த முறை வேலையைச் செய்யும் விதத்தையே மாற்றிவிடலாம். அவருக்கு வேலை செய்வது வலது கை மட்டும். ஆகவே முடிந்த வேலைகளை எல்லாம் இடது பக்கம் நின்று செய்யுங்கள். இடது பக்கமாகத் திருப்பும்போது அவரே வலது கையால் எதிர்ப்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொள்ளட்டும். உங்களுக்கும் பளு குறையும், அந்தக் கைக்கும் வேலை இருக்கும். வலது பக்கமாகத் திருப்ப இரண்டாவது ஆள் இல்லாமல் போகாதீர்கள். ஸ்பாஞ்ச் பாத்தில் பிறப்புறுப்பைத் துடைக்கும் நேரம் வந்தால், ஈரத் துணியை அவர் வலது கையில் கொடுத்து அவரையே துடைக்கச் சொல்லுங்கள். ஒரு கை நன்றாக இருப்பவரால் அது முடியும். பிசியோதெரபி சொல்லித் தருவதும் அதைத்தான், தன் வேலையைத் தானே செய்யப் பழகுவதை.

இன்னொன்றையும் கவனியுங்கள். மனைவி முன்னாலும் டாக்டர் முன்னாலும்கூட அவர் இப்படி நடந்துகொள்கிறாரா, அல்லது இரவில் தனியாக வரும் நர்ஸிடம் மட்டுமா? எல்லோர் முன்னிலையிலும் என்றால் மூளை பாதிப்பால் கட்டுப்பாடு போயிருக்கலாம். மூளையின் முன்பகுதி பாதித்தால் அப்படி நடப்பதுண்டு. பார்க்கின்சன் நோய்க்குத் தரும் பிரமிபெக்சோல் போன்ற மாத்திரைகளும் சிலருக்குப் பாலியல் உந்துதலைக் கூட்டும். இதை டாக்டர் பார்த்து மருந்தைச் சரிசெய்ய வேண்டும். ஆள் பார்த்து நடக்கிறார் என்றால் அது தெரிந்து செய்வது. எதுவாக இருந்தாலும் உங்களுக்குப் பாதுகாப்பு தர வேண்டியது மருத்துவமனையின் பொறுப்பு. காரணம் தெரிந்தால் சிகிச்சை மாறும், உங்கள் உரிமை மாறாது.

இனி எழுத்து. அன்றைய ஷிப்ட் முடிவதற்குள் எழுதிவிடுங்கள். நர்ஸஸ் நோட்டில் நடந்தது மட்டும் இருக்கட்டும்: “இரவு 10.20. ஸ்பாஞ்ச் பாத்தின்போது நோயாளி வலது கையால் செவிலியரின் இடுப்பைத் தொட்டார். தொட வேண்டாம் என்றதும் மீண்டும் தொட்டார். வேலை நிறுத்தப்பட்டது. 10.30க்கு டியூட்டி டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது.” ‘கெட்ட எண்ணத்துடன்’ என்று எழுதினால் அது உங்கள் ஊகம் என்று தள்ளிவிடுவார்கள். உங்கள் புகார் தனித்தாளில், நர்சிங் சூப்பரின்டென்டென்ட் பெயருக்கு, இரண்டு பிரதி. ஒன்றில் பெற்றுக்கொண்ட கையெழுத்தும் தேதியும் வாங்கி வீட்டில் வையுங்கள். கேஸ் ஷீட்டைப் போனில் படம் எடுக்காதீர்கள். அது நோயாளியின் ரகசியம், அந்த ஒரு படத்தை வைத்தே உங்கள் மீது நடவடிக்கை எடுக்க முடியும்.

அப்போதும் அசையவில்லை என்றால், நாம் விசாகா கமிட்டி என்று சொல்லும் உள்ளகப் புகார்க் குழு. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013இன்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் அது கட்டாயம் இருக்க வேண்டும். மருத்துவமனைகளும் நர்சிங் ஹோம்களும் ‘பணியிடம்’ என்பதில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை ஏற்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். நோயாளி ஊழியர் இல்லையே என்று சிலர் திருப்பி அனுப்புவார்கள். அது சரியல்ல. பணியிடத்துக்கு வந்துபோகும் வெளியாட்களிடமிருந்தும் பாதுகாப்பது நிர்வாகத்தின் கடமை என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் போலீசுக்குப் போக விரும்பினால் உதவுவதும் அதே பிரிவில் வருகிறது. போலீசில், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 74, 75, 79 பிரிவுகள் இதற்குப் பொருந்தும்.

நான் பி.எஸ்சி. நர்சிங் மாணவி. கதீட்டர் (சிறுநீர் வெளியேற்றும் குழாய்) போடும்போது ஆண் நோயாளிக்கு விறைப்பு ஏற்பட்டது. அவர் தப்பாக நினைத்தார் என்று எடுத்துக்கொள்ள வேண்டுமா? – மாணவி, சேலம்

வேண்டாம். தொடுகையால் ஏற்படும் அனிச்சைச் செயல் அது. பெரும்பாலும் உங்களைவிட அவர்தான் கூசிப்போயிருப்பார். போர்வையால் மூடிவிட்டு, “பரவாயில்லைங்க, இது இயல்புதான், கொஞ்ச நேரம் கழிச்சு வர்றேன்” என்று சொல்லி விலகுங்கள். அடங்கிய பிறகு தொடங்கினால் போதும், வற்புறுத்திச் செலுத்தினால் சிறுநீர்க்குழாய் கிழியும். ஆண்களுக்கு மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் ஜெல் 10 மி.லி. செலுத்தி 3 முதல் 5 நிமிடம் காத்திருப்பதைப் பலர் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். வார்த்தையாலோ கையாலோ அவர் ஏதாவது செய்தால் மட்டுமே அது நடத்தைப் பிரச்சினை. அப்போது முந்தைய பதிலைப் பாருங்கள்.

ஆர்த்தோ வார்டு. கால் எலும்பு முறிந்து சேர்ந்தவர் இரண்டு நாள் சாதுவாக இருந்தார். மூன்றாம் நாள் இரவு டிரிப்ஸைப் பிடுங்கி, ஸ்டாண்டைத் தூக்கி என்னை அடிக்க வந்தார். காலையில் ஒன்றும் நினைவில்லை என்கிறார். நடிக்கிறாரா? – செவிலியர், ஈரோடு

நடிப்பாக இருக்க வாய்ப்பு குறைவு. மூன்றாம் நாள் என்று நீங்கள் எழுதியிருப்பதே பெரிய துப்பு. தினமும் குடிப்பவர் மருத்துவமனையில் சேர்ந்ததால் திடீரென்று குடி நின்றுபோனால், கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்தே கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் டெலிரியம் டிரெமென்ஸ். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், உங்களைக் கொல்ல வந்தவராகப் பார்ப்பார். இது உயிருக்கே ஆபத்தான நிலை. ‘குடிகாரன் ரகளை’ என்று செக்யூரிட்டியிடம் விட்டுவிடக் கூடாது.

தடுப்பது அட்மிஷன் போடும்போதே தொடங்குகிறது. “குடிப்பீங்களா?” என்று கேட்டால் மனைவி பக்கத்தில் இருக்க, இல்லை என்றுதான் பதில் வரும். “கடைசியா எப்ப குடிச்சீங்க, எவ்வளவு? ஆபரேஷனுக்கும் மயக்க மருந்துக்கும் இது தெரியணும்” என்று தனியாகக் கேளுங்கள். நேரத்தோடு எழுதுங்கள். முதல் நாள் மாலையே கையை நீட்டச் சொல்லி நடுக்கம் பாருங்கள். இருந்தால் உடனே டாக்டருக்குச் சொல்லுங்கள். லோராசெபாம் அல்லது குளோர்டயாசெபாக்சைடு, கூடவே தயமின் (வைட்டமின் பி1) எழுதுவார். தயமின் போகாமல் குளுக்கோஸ் டிரிப்ஸ் ஏற்றுவது இவர்களுக்கு மூளையைப் பாதிக்கக்கூடும். ஆர்டரில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

ரகளை தொடங்கிவிட்டால் தனியாக நெருங்காதீர்கள். இரண்டு கை நீளத் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில், கதவு உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். ஸ்டெதஸ்கோப்பையும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையையும் கழற்றிப் பையில் வையுங்கள், பிடித்து இழுப்பார்கள். ஒருவர் மட்டும் பேசுங்கள், சின்னச் சின்ன வாக்கியமாக: “இது ஆஸ்பத்திரி. நான் நர்ஸ். உங்க கால்ல அடி.” விளக்கை அணைக்காதீர்கள், அரைகுறை வெளிச்சத்தில் நிழல்கள் அவர் பயத்தைக் கூட்டும். டாக்டர் வரும்வரை முடிந்தால் சர்க்கரையும் ஆக்சிஜன் அளவும் பாருங்கள், சிறுநீர் அடைத்து அடிவயிறு வீங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த மூன்றும் சாதுவான மனிதரையும் குழப்பிவிடும்.

கட்டிப்போடுவது டாக்டரின் எழுத்து ஆர்டரோடு, கடைசி வழியாக மட்டும். மென்மையான துணி, கட்டுக்குள் இரண்டு விரல் நுழையும் இடைவெளி, முடிச்சு கட்டிலின் சட்டத்தில். ஏற்றி இறக்கும் பக்கக் கம்பியில் கட்டினால் அதை இறக்கும்போது கை முறுக்கிக்கொள்ளும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை விரல் நுனியின் நிறமும் சூடும் பார்த்துக் குறித்துவையுங்கள். குப்புறப் படுக்கவைத்துக் கட்டவே கூடாது, மூச்சு நின்றுவிடும்.

தாலுகா மருத்துவமனை கேஷுவாலிட்டி. இரவில் ஒரு டாக்டர், ஒரு நர்ஸ். விபத்தில் யாராவது இறந்தால் 30 பேர் உள்ளே வந்துவிடுகிறார்கள். – செவிலியர், விழுப்புரம் மாவட்டம்

2023 மே மாதம் கேரளத்தின் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில், காயத்துக்கு மருந்து போடப் போலீசார் அழைத்துவந்த ஒருவரால் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டார். ஆயுதம், மருத்துவமனைக் கத்தரிக்கோல். அடுத்த ஆண்டு நவம்பரில் சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் பட்டப்பகலில் கத்தியால் குத்தப்பட்டார். நோயாளி ஒருவரின் மகன் கைதானார். உங்கள் பயம் நியாயமானது.

ஆள் கேட்டு எழுதுங்கள், எழுதிக்கொண்டே இருங்கள். அதற்கிடையில் இன்றே செய்யக்கூடியவை சில. டிரெஸ்ஸிங் டிரேயில் கத்தரிக்கோல், பிளேடு, ஃபோர்செப்ஸ் திறந்தபடி கிடக்கக் கூடாது. அந்த நோயாளிக்குத் தேவையானது மட்டும் வெளியே, முடிந்ததும் எண்ணி உள்ளே. மேஜையை, கதவு உங்கள் பக்கம் இருக்கும்படி நகர்த்துங்கள். அறைக்குள் இருப்பவருக்கு வழிமறித்து நிற்க இடமிருக்கக் கூடாது. போலீஸ் அழைத்துவரும் ஆளைப் பரிசோதிக்கும்போது காவலர் அறைக்குள்ளேயே நிற்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இறப்புச் செய்தியைச் சொல்வது டாக்டரின் வேலை, அதை நர்ஸ் தலையில் கட்டக் கூடாது. கூட்டத்திடம் சொல்லாமல், நெருங்கிய உறவினர் இருவரை மட்டும் தனியே உட்காரவைத்துச் சொன்னால் பாதி ஆத்திரம் தணியும். சொல்வதற்கு முன்பே காவல் நிலையத்துக்குத் தகவல் போகட்டும். விபத்து கேஸ் என்றால் எப்படியும் எம்.எல்.சி. (போலீசுக்குத் தெரிவிக்க வேண்டிய சட்டம் சார்ந்த கேஸ்) தகவல் தர வேண்டும். சிகிச்சை நடக்கும்போதே 10 நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து “இன்னும் பார்த்துக்கிட்டுதான் இருக்காங்க” என்று ஒரு வரி சொல்வது பல மோதல்களைத் தவிர்க்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாத நேரத்தில்தான் வெளியே வதந்தி முளைக்கிறது. கை ஓங்கிவிட்டால் விவாதம் கிடையாது. மற்ற நோயாளிகளை நகர்த்த முடிந்தால் நகர்த்திவிட்டு, பூட்டக்கூடிய அறைக்குள் போய் 100 அல்லது 112ஐ அழையுங்கள்.

தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையைத் தடுக்க 2008ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. செவிலியர்களும் அதில் அடக்கம். ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம், குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை. எஃப்.ஐ.ஆரில் இந்தச் சட்டத்தின் பெயர் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், வெறும் ‘வாய்த்தகராறு’ பிரிவுகளோடு முடித்துவிடுவதுண்டு. அரசு ஊழியர் என்பதால் நியாய சன்ஹிதா 132ஆம் பிரிவும் சேரும். புகாரை உங்கள் சொந்தப் பெயரில் தராமல் மருத்துவமனையின் பெயரில் தரச் சொல்லுங்கள். 2024 ஆகஸ்டில் மத்திய சுகாதாரத் துறை தன் மருத்துவமனைகளுக்கு அனுப்பிய உத்தரவு, நிறுவனத் தலைவரே 6 மணி நேரத்துக்குள் எஃப்.ஐ.ஆர். பதியச் செய்ய வேண்டும் என்கிறது. மாநில மருத்துவமனைக்கு அது நேரடியாகப் பொருந்தாவிட்டாலும், கேட்பதற்கு நல்ல முன்மாதிரி. தனி ஆளாகப் புகார் கொடுத்தவரின் வீட்டு வாசலுக்கு எதிராளியின் உறவினர்கள் சமாதானம் பேச வந்துவிடுவார்கள்.

டிஸ்சார்ஜ் ஆனவர், டிரெஸ்ஸிங்கில் சந்தேகம் வந்தால் கேட்கிறேன் என்று என் நம்பர் வாங்கினார். இப்போது தினமும் ‘சாப்பிட்டீங்களா’ என்று செய்தி. பிளாக் செய்தால் மருத்துவமனையில் புகார் சொல்வாரோ? – செவிலியர், கோவை

சொன்னால் சொல்லட்டும், ஒரு செய்தி மட்டும் அனுப்புங்கள்: “இது என் சொந்த நம்பர். காயம் பற்றிய கேள்விக்கு வார்டு நம்பர் அல்லது ஓ.பி.யில் கேளுங்கள். இனி இதில் பதில் தர மாட்டேன்.” ‘அண்ணா, ப்ளீஸ், தப்பா நினைக்காதீங்க’ எதுவும் வேண்டாம். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து இன்சார்ஜுக்கு அனுப்பிவிட்டு, பிறகு பிளாக். முதலில் பிளாக் செய்துவிட்டால் சான்று சேர்ப்பது சிரமம். வேறு நம்பரிலிருந்து தொடர்ந்தால், பின்தொடர்தல் குற்றமாக நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின் கீழ் புகார் தரலாம். மகளிர் உதவி எண் 181.

இதில் மருத்துவச் சிக்கலும் இருக்கிறது. இன்சுலின் எத்தனை யூனிட் என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் கேட்டு, சீட்டைப் பார்க்காமல் நீங்கள் பதில் சொல்லி, அவருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டால் பொறுப்பு உங்கள் மேல் விழும். டிஸ்சார்ஜ் சீட்டிலேயே வார்டு நம்பரை அச்சிடச் சொல்லி நிர்வாகத்தைக் கேளுங்கள். “நம்பர் கொடுக்க எங்களுக்கு அனுமதி இல்லைங்க, சீட்டுல இருக்கு பாருங்க” என்று சொல்லப் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கும் அது வழி தரும்.

பிரசவ வார்டில் குடும்பத்தார் ஸ்வீட்டும் பணமும் தருகிறார்கள். மறுத்தால் மனம் நோகிறார்கள். – செவிலியர், தஞ்சாவூர்

ஸ்வீட் பாக்ஸை வாங்கி, எல்லோர் முன்னிலையிலும் டியூட்டி மேஜையில் பிரித்து எல்லோருக்கும் கொடுங்கள். பணம், நகை, புடவை, கிஃப்ட் கார்டு எதுவும் வேண்டாம். அரசு மருத்துவமனையில் பணம் வாங்குவது 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிடும். குழந்தையைக் காட்டக் காசு கேட்கும் வழக்கம், கேட்பவர் யாராக இருந்தாலும், வலியில் கிடக்கும் பெண்ணிடமிருந்து பறிப்பது. உங்கள் ஷிப்டில் ஆயாவோ வார்டு பாயோ கேட்டால் தடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

வாங்கிய பிறகு என்ன ஆகும் என்றும் யோசியுங்கள். 500 ரூபாய் கொடுத்த குடும்பம் அடுத்த முறை பெல் அடித்தால் நீங்கள் முதலில் அங்கேதான் ஓட வேண்டும் என்று எதிர்பார்க்கும். கொடுக்க முடியாதவர் பக்கத்துப் படுக்கையில் இருப்பார். பாக்கெட்டில் திணித்துவிட்டுப் போய்விட்டால், அன்றே இன்சார்ஜ் முன்னிலையில் திருப்பிக் கொடுத்து, வார்டு நோட்டில் ஒரு வரி எழுதி, அவர்கள் கையெழுத்து வாங்குங்கள். மறுக்கும்போது, “உங்க சந்தோஷம் எங்களுக்குப் போதும்மா, வேணும்னா பெயர் போட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்க” என்று சொல்லிப் பாருங்கள். அந்தக் கடிதம் உங்கள் பணிக் கோப்பில் சேரும்.

ஏஜென்சி மூலம் ஹோம் நர்ஸாக ஒரு வீட்டில் 24 மணி நேர வேலை. பாட்டியைப் பார்த்துக்கொள்கிறேன். மகன் குடித்துவிட்டு இரவில் அறைக் கதவைத் தட்டுகிறார். பாட்டியை விட்டுவிட்டு வெளியேறினால் என் மேல் கேஸ் வருமா? – சென்னை

உங்கள் பாதுகாப்புக்காக வெளியேறுவது குற்றமல்ல. பாட்டியை ஆபத்தில் விட்டுவிட்டுப் போகாமல் இருந்தால் போதும். கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, ஏஜென்சிக்கும், மகளோ மருமகளோ அந்தக் குடும்பத்தில் வேறு ஒருவருக்கும் போன் செய்யுங்கள். பேச்சு எடுபடாவிட்டால் குறுஞ்செய்தி அனுப்புங்கள், நேரம் பதிவாகும். கதவை உடைக்க வந்தால் 112. விடிந்ததும் பாட்டிக்கு மருந்து கொடுத்து, பொறுப்பேற்பவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் வீடும் பணியிடம்தான். ஏஜென்சியில் 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் அங்கே குழு இருக்க வேண்டும். இல்லையென்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாக மாவட்டத்தின் உள்ளூர்ப் புகார்க் குழுவை அணுகலாம்.

அடுத்த வீட்டுக்குப் போகும் முன் ஏஜென்சியிடம் இவற்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், உங்கள் அறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டா, வேலைப் பட்டியல் என்ன. குளிப்பாட்டுவது, மருந்து, உணவு, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது உங்கள் வேலை. வீட்டாரின் துணியும் பாத்திரமும் அல்ல. பீரோ சாவியை வாங்காதீர்கள். பாட்டி போட்டிருக்கும் நகையை முதல் நாளே எழுதி வீட்டாரின் கையெழுத்து வாங்குங்கள். புகார் சொன்ன ஹோம் நர்ஸ் மீது திருட்டுப் பழி போடுவது அடிக்கடி நடக்கிறது.

என் அம்மாவுக்கு ஐ.சி.யு.வில் ஆண் நர்ஸ் உடம்பு துடைத்துவிடுகிறார். மாற்றச் சொல்லலாமா? – வாசகி, திருச்சி

தாராளமாக. இன்சார்ஜிடம் கேளுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. உடனே பெண் நர்ஸ் இல்லையென்றால், ஆண் செவிலியர் வேலை செய்யும்போது பெண் ஊழியர் ஒருவர் உடன் இருக்க வேண்டும், திரை இழுத்திருக்க வேண்டும், துடைக்கும் பகுதி மட்டும் திறந்திருக்க வேண்டும். நல்ல ஆண் செவிலியர்கள் இதைத் தாங்களே கேட்டு வாங்குவார்கள், பொய்ப் புகாரிலிருந்து அவர்களுக்கும் அதுதான் காப்பு. அம்மா பேசும் நிலையில் இருந்தால் அவர் விருப்பத்தை முதலில் கேளுங்கள்.

ஊசி போடும்போது நோயாளி கையைத் தட்டிவிட்டதில் ஊசி என் விரலில் குத்திவிட்டது. அவரைப் பற்றி எதுவும் தெரியாது. – செவிலியர், நாகர்கோவில்

விரலைப் பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள், ஸ்பிரிட்டோ பிளீச்சோ ஊற்றாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உடனே டியூட்டி டாக்டர். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று முடிவானால் முதல் டோஸை 2 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது, 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. இரவு என்று காலை வரை காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கிடைக்கும். தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். குமட்டலால் பாதியில் நிறுத்திவிடுபவர்கள் பலர், அதற்குத் தனியாக மாத்திரை கேளுங்கள். எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்று வர வாய்ப்பு ஏறக்குறைய 0.3 சதவீதம். ஹெபடைடிஸ் பி அதைவிடப் பல மடங்கு எளிதாகத் தொற்றும். அதற்கு 0, 1, 6 மாதங்களில் மூன்று டோஸ் தடுப்பூசி. 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி அதைப் போட வேண்டியது மருத்துவமனையின் பொறுப்பு. மூன்றும் போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டிபாடி அளவு பாருங்கள். 10 mIU/mLக்குக் கீழே இருந்தால் மூன்று டோஸையும் திரும்பப் போட்டு மறுபடி சோதிக்க வேண்டும்.